துணைப்பாத்திரம் என்னும் தீர்ப்பு

2004-ஆம் ஆண்டு ஏசியாநெட் தொலைக்காட்சியில் தொடங்கிய 'கடமற்றத்துக் கத்தனார்' தொடர் முடிந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. அதில் வந்த கள்ளியங்காட்டு நீலியைப் பற்றிய சண்டை இன்னும் முடியவில்லை. 2025 ஆகஸ்டில் டொமினிக் அருண் இயக்கிய 'லோகா' திரைப்படம் நீலியையே நாயகியாக்கி வெளிவந்தபின் அச்சண்டை புது வேகம் பெற்றது. நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை என்னும் எல்லைப்புற ஊர்களில் அது மலையாளத்தில் தொடங்கித் தமிழில் முடியும். சில நாள் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடியும். கேள்வி ஒன்றுதான். நீலி அத்தொடரின் துணைப்பாத்திரமா, அல்லது உண்மையான தலைமைப் பாத்திரமா?

முதல் அணியின் வாதம் எளியது. தொடரின் பெயர் கத்தனாருடையது. பிரகாஷ் பால் ஏற்ற அந்தப் பாத்திரத்தைச் சுற்றியே எல்லாப் பேய்களும் மந்திரவாதிகளும் வந்து போகின்றனர். வந்து போனவர்களுள் ஒருத்தி நீலி, வந்தாள், அடங்கினாள், ஆகவே துணைப்பாத்திரம். இரண்டாம் அணி இதற்கு நேர் எதிராக நிற்கிறது. தொடர் முடிந்து இவ்வளவு காலம் சென்ற பின்னும் மக்கள் நினைவில் நிற்பவள் நீலியே. 'புது நெல்லு புது நாத்து' வழியாகத் தமிழ்த் திரைக்கு அறிமுகமான சுகன்யா அவ்வேடத்தில் தோன்றிய நாள்களில்தான் தொடர் உச்சத்தை எட்டியது. நீலி இல்லையேல் கத்தனாரின் ஆற்றலுக்கு அளவுகோலே இல்லை. ஆகவே அவளே தலைமைப் பாத்திரம் என்கிறது அது.

இரு அணிகளும் எதிரெதிராக நிற்பது போலத் தோன்றினாலும் இரண்டின் கையிலும் இருப்பது ஒரே அளவுகோல். திரையில் எத்தனை நாழிகை நின்றாள், இறுதியில் வென்றாளா தோற்றாளா, பார்த்தவர் மனத்தில் எவ்வளவு காலம் தங்கினாள் என்பதே அவ்விரண்டின் கணக்கு. இந்தக் கணக்கு தவறானது. அதைவிட வருந்தத்தக்கது, இக்கணக்கை ரசிகர்கள் தாமே கண்டுபிடிக்கவில்லை என்பது. அது தமிழ், மலையாளத் துறைகளின் ஆய்வேடுகளிலிருந்து தெருவுக்கு இறங்கி வந்தது.

முதலில் நேரக் கணக்கைப் பார்க்கலாம். கம்பராமாயணத்தில் மந்தரை தோன்றுவது மிகச் சிறிய பகுதியில். அவள் வாய் திறந்திராவிட்டால் காடு இல்லை, சிறையெடுப்பு இல்லை, போரும் இல்லை. சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன் நிற்பது அதைவிடக் குறைந்த நேரம். அவன் சொன்ன ஒரு பொய்யில் கோவலன் தலை விழுகிறது, பாண்டியன் உயிர் போகிறது, மதுரை எரிகிறது. நேரத்தை எண்ணி இவர்களின் இடத்தை அளக்க முற்படுபவர் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

இதைக் கேட்டதும் இரண்டாம் அணி மகிழக்கூடும். 'இல்லையேல் கதை இல்லை' என்பதுதானே அவர்களின் வாதம். அந்த வாதமும் நிற்காது. பொற்கொல்லன் இல்லையேல் சிலப்பதிகாரம் இல்லை. அதனால் அவனைத் தலைவன் என்று எவரும் சொல்வதில்லை. இன்றியமையாமை வேறு, முதன்மை வேறு. கதைப்பின்னலுக்கு வேண்டிய ஆணிகள் பல இருக்கும். எந்த மனிதரின் முறையீட்டுக்குப் பதில் சொல்லாமல் கதை முடிய முடியாதோ, அந்த மனிதருக்கே கதை கடன்பட்டிருக்கிறது. சிலப்பதிகாரம் கண்ணகிக்குக் கடன்பட்டது. பாண்டியன் அரியணையிலிருந்து விழும்வரை அக்கடன் தீர்வதில்லை. ஆகவே நீலியைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வி, அவள் எத்தனை வாரம் வந்தாள் என்பது அன்று. அவளுடைய முறையீடு என்ன, அதைக் கதை கேட்டதா என்பதே.

அம்முறையீட்டைத் தேடுபவர் அவள் நின்ற சாலையிலிருந்து தொடங்கவேண்டும். கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த 'ஐதிஹ்யமாலை' 1909 முதல் 1934 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தது. தொலைக்காட்சித் தொடரின் மூலவித்து அதிலுள்ள கடமற்றத்துக் கத்தனார் கதை. அக்கதையில் யட்சி நிற்கும் இடம் திருவனந்தபுரத்துக்கும் பத்மநாபபுரத்துக்கும் இடைப்பட்ட காட்டுவழி. மரபு அதைப் பஞ்சவன்காடு என்கிறது. சி.வி. இராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' நாவலும் 1891-இல் அந்தக் காட்டில்தான் தன் முதற்காட்சியை வைத்தது. அனந்தபத்மநாபன் வெட்டுண்டு கிடப்பது அங்கே. இரு தலைநகரங்களையும் இணைத்த அவ்வழியில்தான் நெய்யாற்றைக் கடந்து அமரவிளையும், அதன் தெற்கே பாறசாலையும் களியக்காவிளையும் வருகின்றன. அமரவிளை சோதனைச்சாவடி என்றால் லாரி ஓட்டுநர் எல்லாருக்கும் தெரியும். அதற்கு நெடுங்காலம் முன்பே இச்சாலையில் வழிப்போக்கரை நிறுத்திக் கேள்வி கேட்டவள் ஒருத்தி இருந்தாள் என்பதை அவ்வூர்ப் பாட்டிகள் அறிவர்.

ஐதிஹ்யமாலைக் கதையில் அவள் அழகிய பெண்ணாக வந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிறாள். கொடுத்தவனை மயக்கி அழைத்துச் சென்று கொல்கிறாள். கத்தனார் சுண்ணாம்பை இரும்பாணியின் நுனியில் வைத்து நீட்டுகிறார். அவள் தொடுகிறாள், கட்டுண்கிறாள். ஆணி அவள் தலையில் இறங்குகிறது. அதன்பின் அவள் பணிப்பெண் போல அவர் பின்னால் வடக்கு நோக்கி நடக்கிறாள். கத்தனாரின் ஆற்றலைக் காட்டும் நிகழ்ச்சிகளுள் இது ஒன்று. அவள் ஏன் அந்தக் காட்டில் நின்றாள், யாருக்காகக் காத்திருந்தாள் என்ற கேள்விக்கு அங்கே இடம் இல்லை. கடமற்றம் இருப்பது எறணாகுளம் மாவட்டத்தில். நடுக்கேரளத்துத் துறவியின் புகழ்ப்பாடலில் தென்திருவிதாங்கூரின் பேய் ஒரு வரி ஆகிறாள். தொலைக்காட்சித் தொடர் அந்த ஒரு வரியைப் பல வாரங்களாக நீட்டியது. வேடம் பெரிதானது, ஒப்பனை பெரிதானது, சிரிப்பொலி பெரிதானது. முற்கதையை எவ்வளவு காட்டினாலும் கதையின் பாதை அந்த ஆணியை நோக்கியே செல்லும். ஏனெனில் தொடரின் பெயரிலேயே அதன் முடிவு எழுதப்பட்டிருந்தது.

சாலையின் தென்பகுதியில் அதே நீலியை வேறு விதமாகப் பாடினார்கள். குமரி மாவட்டத்து வில்லுப்பாட்டு மரபிலும், மலையாள ஆய்வாளர்கள் 'தெக்கன் பாட்டுகள்' என வகைப்படுத்தும் தமிழ்–மலையாளக் கலப்புக் கதைப்பாடல்களிலும் நீலிகதைக்கு உறுதியான இடம் உண்டு. பாடத்துக்குப் பாடம் பெயர்களும் ஊர்களும் மாறுகின்றன. கதையின் எலும்பு மாறுவதில்லை. தாசி குலத்துப் பெண்ணொருத்தி ஒரு பூசாரியை நம்பி அவன் பின்னே செல்கிறாள். கள்ளி படர்ந்த காட்டில், களைத்து அவன் மடியில் தலை வைத்து உறங்கும்போது, அவள் நகைகளுக்காக அவன் அவள் தலையில் கல்லைப் போட்டுக் கொல்கிறான். தேடி வந்த உடன்பிறந்தானும் அவள் உடலைக் கண்டு உயிர் விடுகிறான். இருவரும் நீலியும் நீலனுமாக மறுபிறப்பு எடுக்கின்றனர். கொன்றவனும் வணிகனாகப் பிறக்கிறான். அவள் அவனைத் தேடுகிறாள்.

கொடைவிழா இரவில் இக்கதை பாடப்படும் முறையைக் கவனித்தவர்களுக்கு முதன்மை பற்றிய ஐயம் எழாது. புலவர் வில்லின் நடுவே அமர்ந்திருப்பார். வலம்பாடுவோரும் இடம்பாடுவோரும் அடியைத் தாங்கிப் பிடிப்பர். குடமும் உடுக்கும் வேகம் கூட்டும். பாட்டு தொடங்குவது பேயின் வெறியாட்டத்தில் அன்று; அவள் பிறப்பில், வளர்ப்பில், அவள் வைத்த நம்பிக்கையில். கொலை வரும்போது கூட்டத்திலிருக்கும் பெண்களின் கண்கள் கலங்கும். அதற்குப் பின்னர்தான் வரத்துப்பாட்டும் சாமியாட்டமும். அச்சத்தைக் காட்டுமுன் அநீதியைக் காட்டவேண்டும் என்பதே அம்மரபின் ஒழுங்கு. ஆரல்வாய்மொழி அருகே முப்பந்தல் இசக்கியம்மன் கோவிலின் தலக்கதை இசக்கியை நீலியோடு இணைக்கிறது. இயக்கி, யட்சி, இசக்கி என்னும் சொற்கள் ஒன்றோடொன்று உறவுடையவை. வடக்கே ஆணி அறையப்பட்டவளுக்குத் தெற்கே பொங்கல் இடப்படுகிறது.

இனி இக்கதையின் வடபகுதித் தமிழ்ப் பாடத்துக்கு வரவேண்டும். திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நடந்ததாகச் சொல்லப்படும் அக்கதை மிகப் பழையது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் அதைக் குறிப்பிடுகிறார். அங்கே நீலி கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர் மன்றத்துக்கு வருகிறாள். ஓடி வந்த வணிகனைக் காட்டி, இவன் என் கணவன், என்னைக் கைவிட்டு ஓடுகிறான் என்று அழுகிறாள். வணிகனோ இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள் என்று கதறுகிறான். வேளாளர் எழுபதின்மர் அவனுக்கு அபயம் தருகின்றனர்: உன் உயிர் போனால் எங்கள் உயிரையும் தருவோம். இரவில் அவன் கொல்லப்படுகிறான். எழுபதின்மரும் சொன்ன சொல் காக்கத் தீப்பாய்கின்றனர். பழையனூரில் அவர்களுக்குத் தீப்பாய்ந்த மண்டபம் நிற்கிறது. சேக்கிழார் வரலாறு பாடிய உமாபதி சிவமும் அவர்கள் வாய்மையைப் போற்றினார்.

இங்கும் நடந்தது என்ன? கத்தனார் கதையில் துறவியின் ஆற்றலுக்குச் சான்றாக நின்றவள், பழையனூர்க் கதையில் ஒரு சமூகத்தின் வாய்மைக்குச் சான்றாக நிற்கிறாள். எழுபதின்மர் தலைமை மாந்தர் ஆயினர். வணிகன் இரக்கத்துக்குரியவன் ஆனான். நீலிக்குக் கிடைத்தது ஒரு சொல்: நீலிக்கண்ணீர். பொய்யாக அழுபவரைச் சுட்டத் தமிழர் இன்றும் அச்சொல்லைத்தான் எடுக்கின்றனர்.

அந்தக் கண்ணீர் பொய்யா என்று ஒருவர்கூட நின்று கேட்டதில்லை. மன்றத்தில் அவள் சொன்னது மூன்று செய்திகள். இவன் என் கணவன். இவன் என்னைக் கைவிட்டான். இது என் குழந்தை. மூன்றாவது பொய். முதல் இரண்டும் கதையின் உள்விதிப்படி முழு உண்மை. முற்பிறவியில் அவன் அவள் கணவன். கைவிட்டதோடு நில்லாமல் கொன்றவனும் அவனே. பொய் என்று சொல்லப்படும் அந்தக் கள்ளிக் குழந்தைக்கும் சில பாடல் மரபுகளில் ஒரு பின்கதை உண்டு: சாகும்போது சுற்றிலும் மனிதர் ஒருவரும் இல்லாததால் கள்ளிச்செடியையே அவள் சாட்சியாக்கினாள். அப்படியானால் மன்றத்துக்கு அவள் தூக்கி வந்தது தன் கொலையைக் கண்ட ஒரே சாட்சியை. அச்சாட்சியின் மொழி மன்றத்துக்குப் புரியவில்லை. அது குழந்தையின் வடிவத்தில் வந்தால்தான் ஏற்கப்படும் என்பதை அவள் அறிந்திருந்தாள். தமிழ் மொழி அவளுக்கு எதிராகவே தீர்ப்பெழுதி, அத்தீர்ப்பை அகராதியிலும் ஏற்றிவிட்டது.

இவ்விடத்தில் ஓர் எதிர்க்கேள்வி வரும். 'லோகா' அவளை நாயகியாக்கிவிட்டதே, வழக்கு முடிந்துவிட்டதல்லவா? முடியவில்லை. தலைமைப் பாத்திரம் ஆவது நியாயம் பெறுவதற்குச் சமம் என்று நினைப்பவர்கள் நீலகேசியைத் திறந்து பார்க்கவேண்டும். பத்தாம் நூற்றாண்டை ஒட்டியது எனக் கருதப்படும் அச்சமணக் காப்பியம், பழையனூர் நீலியைத் தலைவியாகக் கொண்டது. உயிர்ப்பலியைத் தடுத்த முனிச்சந்திரர் என்னும் முனிவரை அச்சுறுத்த அனுப்பப்பட்ட நீலி, அவரிடம் தோற்று மாணவியாகிறாள். பின்னர் ஊர் ஊராகச் சென்று பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் என ஒவ்வொருவரையும் வாதில் வெல்கிறாள். உலக இலக்கியத்தில் ஒரு பேய்மகள் தத்துவ ஆசிரியையாக உயர்ந்த காட்சிகள் அரியவை. அக்காப்பியம் தமிழுக்குப் பெருமை. ஆயினும் அங்கே அவள் வாயில் இருப்பது முனிச்சந்திரரின் சமயம். கொலையுண்ட மனைவியின் வழக்கு அக்காப்பியத்தில் பேசப்படுவதில்லை. தலைமை கிடைத்தது, முறையீடு போயிற்று.

ஆயிரம் ஆண்டு கழித்து 'லோகா' அதையே வேறு வழியில் செய்தது. கல்யாணி பிரியதர்ஷன் ஏற்ற நீலி அதில் காட்டுவாழ் சமூகத்துச் சிறுமி. நுழையக்கூடாத கோவிலுக்குள் நுழைந்ததற்காக அவளுடைய மக்களை மன்னனின் ஆட்கள் அழிக்கின்றனர். இதுவும் பெரிய அநீதிதான்; கோவில் நுழைவுப் போராட்டங்களைக் கண்ட திருவிதாங்கூர் மண்ணில் 1936-ஆம் ஆண்டுப் பிரகடனத்தை நினைவூட்டும் மாற்றம் அது. படைப்பாளிக்கு அவ்வுரிமை உண்டு. அதைக் குறைசொல்ல வேண்டியதில்லை. ஆனால் பழைய வழக்கு அங்கே மாற்றப்பட்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். நகைக்காகக் கணவனால் கொல்லப்பட்ட பெண் அந்தப் படத்தில் இல்லை. தொடரில் ஆணியின் கீழ் அமிழ்ந்தவள், படத்தில் வேறொரு நியாயத்தின் கொடியை ஏந்தி வருகிறாள். இருபது ஆண்டுகளாக 'தலைமையா, துணையா' என்று சண்டையிட்டவர்கள் தங்கள் அணி வென்றதாகக் கொண்டாடியபோது, என்ன தோற்றது என்று பார்க்கவில்லை.

முதல் அணியின் கையில் இருக்கும் மிக வலுவான வாதத்தையும் நேராக எதிர்கொள்ளவேண்டும். நீலி கொன்றது ஒருவனை மட்டும் அன்று. சாலையில் சென்ற எத்தனையோ வழிப்போக்கர் அவளுக்கு இரையாயினர். அவர்கள் அவளுக்கு ஒரு தீங்கும் செய்யாதவர்கள். கேட்டதும் சுண்ணாம்பு கொடுக்கும் அளவுக்கு நல்லவர்கள். அவர்களைக் காத்த கத்தனாரை நாயகன் என்று சொல்வதில் என்ன தவறு? தவறே இல்லை. சாலையைக் காப்பது அறம். வில்லுப்பாட்டு மரபும் நீலியின் கொடுமையை மறைக்கவில்லை. கொலையுண்டவள் கொலைகாரி ஆவதை அது முழுக் குரலில் பாடுகிறது. அவளுக்குக் கொடை கொடுப்பவர்கள் அவளை அஞ்சித்தான் கொடுக்கின்றனர். ஆனால் ஆணி ஆபத்தை நிறுத்துமே தவிர வழக்கை முடிக்காது. கதையே அதை ஒப்புக்கொள்கிறது. கட்டுண்ட யட்சியை அழிக்க முடிவதில்லை. இறுதியில் பனையன்னார்காவில் அவளுக்கு ஓர் இடம் கொடுத்துத்தான் அமைதி காணவேண்டியிருக்கிறது. தீர்க்கப்படாத வழக்குக்குக் கோவில் கட்டுவது இம்மண்ணின் பழைய வழக்கம். அதை நீதி என்று தவறாக எண்ணாமல், நிலுவை என்று படிக்கத் தெரிந்திருக்கவேண்டும்.

அப்படிப் படிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியவை பல்கலைக்கழகங்கள். அவை என்ன கற்றுக்கொடுத்தன? இலக்கியத் துறை ஆய்வேடு எதை எடுத்தாலும் 'பாத்திரப் படைப்பு' என்று ஓர் இயல் காத்திருக்கும். தலைமை மாந்தர், துணைமை மாந்தர், சிறு மாந்தர் என்று மூன்று உட்தலைப்புகள். அவற்றின் கீழ்ப் பெயர்ப் பட்டியல், பண்பு நலன், மேற்கோள், முடிவுரை. எந்த அடிப்படையில் ஒருவர் தலைமை, மற்றவர் துணைமை என்று கேட்டால் பெரும்பாலும் விடை இல்லை. முந்தைய ஆய்வேட்டில் அப்படி இருந்தது என்பதே விடை. தொல்காப்பியம் அகத்திணையில் கூற்றுக்குரியோரை வகுத்தபோது யார் பேசலாம், யாரிடம் பேசலாம், எப்போது பேசலாம் என்று பார்த்தது. தோழிக்கும் செவிலிக்கும் பேசும் உரிமை அங்கே வரையறுக்கப்பட்டது. அந்தக் கூரிய கருவியை விட்டுவிட்டு, யார் எத்தனை அத்தியாயத்தில் வருகிறார் என்று எண்ணும் கருவியை ஆய்வுலகம் கையில் எடுத்தது. அதைக் கற்ற மாணவர் வீட்டுக்குச் சென்று தொடர் பார்க்கும்போதும் அதையே செய்கிறார். ரசிகர் சண்டையைப் பார்த்துச் சிரிக்கும் பேராசிரியர் தம் மேசைமேல் இருக்கும் ஆய்வேட்டைப் புரட்டினால் அதே சண்டையை அடிக்குறிப்புகளோடு காண்பார்.

இன்னொரு பிழையும் ஆய்வுலகத்துக்கு உரியது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியவற்றுள் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அது கேரளத்தில் நின்றது. எல்லை களியக்காவிளையில் விழுந்தது. நிலத்தில் விழுந்த கோடு பாடத்திட்டத்திலும் விழுந்தது. கோட்டுக்குத் தெற்கே பாடப்பட்டால் அது தமிழ்த் துறையின் 'குமரி மாவட்ட நாட்டார் கதைப்பாடல்'. வடக்கே பாடப்பட்டால் மலையாளத் துறையின் 'தெக்கன் பாட்டு'. அதிலும் மொழி கலப்பானது என்பதால் இலக்கிய வரலாற்றின் ஓரத்தில் ஒரு பத்தி. பாறசாலையிலும் அமரவிளையிலும் வாழும் மக்கள் இரண்டு தொலைக்காட்சிகளையும் பார்த்தனர், இரண்டு மொழியிலும் கதை கேட்டனர். அவர்களுக்கு நீலி ஒருத்திதான். துறைகளுக்கு அவள் இரண்டு கோப்புகள். இரண்டு கோப்புகளையும் ஒருசேரத் திறக்காததால், ஒரு கோப்பில் கொலையும் மற்றொன்றில் ஆணியும் தனித்தனியே உறங்குகின்றன. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்த மாணவர், நீலி துணைப்பாத்திரமா என்று கேட்கமாட்டார். கொலை வழக்கு எப்படிப் பேயோட்டும் கதையாயிற்று என்று கேட்பார். அதுவே ஆய்வுக்குரிய கேள்வி.

ஒரு தொடர்ப் பாத்திரத்துக்கு இவ்வளவு பேச்சு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு விடை உண்டு. நகைக்காக மனைவியைக் கொல்லும் கணவன் பழங்கதையோடு ஒழிந்துவிடவில்லை. வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-இல். அது போதாமல் 1986-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 304-ஆ பிரிவு சேர்க்கப்பட்டது. திருமணமான ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இயல்புக்கு மாறாக இறந்து, அதற்குச் சற்று முன் வரதட்சணைக்காகத் துன்புறுத்தப்பட்டிருந்தால், அதை வரதட்சணை மரணமாகக் கொள்ளவேண்டும் என்று அது விதித்தது. கணவனும் அவன் உறவினரும் அதற்குப் பொறுப்பு என அனுமானிக்கச் சாட்சியச் சட்டமும் திருத்தப்பட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சங்கிதையில் இது 80-ஆம் பிரிவு. நான்கு சுவருக்குள் நடந்த கொலைக்குச் சாட்சி கிடைக்காது என்பதை நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டதன் விளைவு அந்தத் திருத்தம். கள்ளியைச் சாட்சியாக்கிய பெண்ணுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. இன்றும் ஒரு பெண் தன் வீட்டுக் கொடுமையைச் சொல்லி அழும்போது அவளை நோக்கி முதலில் எறியப்படும் சொல் நீலிக்கண்ணீர். அந்தச் சொல்லை எறிபவர், அறிந்தோ அறியாமலோ, பழையனூர் மன்றத்தில் வணிகன் பக்கம் அமர்ந்துகொள்கிறார். அவளுடைய முறையீட்டை நீக்கிவிட்டு அவள் சிரிப்பையும் வெள்ளைச் சேலையையும் மட்டும் காட்டும் ஒவ்வொரு தொடரும் அந்த இருக்கையைத் துடைத்துவைக்கிறது.

ஆகவே 'துணைப்பாத்திரம்' என்பதை வெறும் வருணனைச் சொல்லாக ஏற்பதற்கில்லை. அது ஒரு தீர்ப்பு. எந்த நீதிமன்றம், யார் முறையீட்டின் பேரில், யாருடைய சாட்சியத்தைத் தள்ளி அத்தீர்ப்பை வழங்கியது என்று கேட்பதே வாசிப்பு. தலைமைப் பட்டத்தை அவளுக்குச் சூட்டிவிட்டால் அத்தீர்ப்பு திருத்தப்பட்டுவிடாது. நீலகேசியும் 'லோகா'வும் அதற்குச் சான்று. மேல்முறையீட்டுக்கு வேண்டியது பட்டம் அன்று, கோப்பு.

கத்தனார் கதையில் ரசிகர் எவரும் அணி சேராத ஒருத்தி உண்டு. ஆணி அறைந்த யட்சியைக் கத்தனார் காயங்குளத்தில் ஒரு வீட்டில் விட்டுச் செல்கிறார். அங்கே இருந்த மூதாட்டி ஒருத்தி அப்பெண்ணின் தலைமுடியைக் கோதும்போது உச்சியில் ஏதோ கையில் தட்டுகிறது. இது என்ன என்று பார்க்கிறாள்; இரும்பாணி. பிடுங்கி எடுத்துவிடுகிறாள். அவளுக்குப் பெயர் இல்லை. திரையில் அவளுக்குக் கிடைக்கக்கூடியது சில நிமிடங்கள். துறையின் கணக்கில் அவள் சிறு மாந்தருள் கடைசி. ஆயினும் நீலியின் தலையை வெல்வதற்கன்றி அன்போடு தொட்டவள் அக்கதையில் அவள் ஒருத்திதான். நாயகியா துணையா என்று எண்ணிக்கொண்டிருக்கும் ஆய்வாளர், அந்த மூதாட்டி செய்த வேலையைச் செய்யக் கற்றால் போதும். ஆணியைப் பிடுங்கியபின் நிகழ்வது அச்சம் தரக்கூடும்; காயங்குளத்து வீட்டாரும் அஞ்சியிருப்பர். ஆனால் தலையில் ஆணி இருப்பது தெரிந்தபின்னும் கூந்தலின் நீளத்தை அளந்துகொண்டிருப்பதற்கு ஆய்வு என்று பெயர் இல்லை.